முதலில் குளத்தின் அடியைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

அரசாங்கம் வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டும் எனத் தங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அந்த விருப்பம் உண்டு. எங்கள் கிராம மாதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பதினொரு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஆனால், இப்படியொரு சட்டம் இலங்கையில் இதுவரை இருந்ததே இல்லை என்பதுபோல் அவர் எழுதியிருப்பது சரியல்ல.

2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நிதி முகாமைத்துவ (பொறுப்பு)ச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டு முடிவதற்குள் துண்டுவிழும் தொகையை, அதாவது வரவை மிஞ்சிய செலவை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும், 2013இல் கடன் 60 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். 2006 வந்து போனது. 5 வீதம் வரவில்லை. 2013 வந்தபோது சட்டத்தைத் திருத்தி 60 வீதத்துக்கான தவணையை 2020க்குத் தள்ளினார்கள். அந்த 2020இல் துண்டுவிழும் தொகை 10 வீதத்தையும் தாண்டியது. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தவர்களை, இந்தச் சட்டத்தைக் காட்டி ஒருவராலும் தடுக்க முடியவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். தவணையைக் கடன்காரனே தள்ளிப்போடலாம் என்றால் எங்கள் சங்கம் ஆறு மாதம்கூட நடந்திருக்காது.

நான் இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் செய்கிறேன். வாய்க்காலின் கடைசி வயல். கோடைப் பயிருக்குத் தண்ணீர் பங்கிடும் சிறுபோகக் கூட்டத்துக்கு ஒரு வருடமும் தவறாமல் போவேன். அரசாங்க அதிபர் இருப்பார், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் வந்திருக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறியியலாளர் முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பேச்சே தொடங்காது. 36 அடியும் நிரம்பிய வருடம் முகங்களில் தெரியும். குறைந்த வருடம் சத்தம் கூடும், பழைய கோபங்கள் வெளியே வரும். ஆனாலும் ஏக்கருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவான பிறகுதான் நாங்கள் விதைநெல்லை ஊறவைப்போம். ஒரு வருடம் என் இரண்டு ஏக்கருக்கு அரை ஏக்கர்தான் பங்கு கிடைத்தது. கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் இழுக்காது என்று, வாய்க்கால் தலைப்பில் இன்னொருவருடைய காணியிலேயே எனக்கு அந்த அரை ஏக்கரைப் பிரித்துத் தந்தார்கள். காணிக்காரருக்கும் அதே விகிதம்தான். அவர் முகம் சுளித்தார். வரம்பை வெட்டித் தந்தார். அந்த நெல்லில்தான் அந்த வருடம் வீட்டில் சோறு.

கொழும்பில் நடக்கும் கணக்குக்கு இந்த முறை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024இல் கொண்டுவந்த பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நல்லது. 13க்குள் எதை வெட்டுவது என்பதை யார், யார் முன்னிலையில் முடிவு செய்கிறார்கள்? சம்பளத்தைத் தொட முடியாது, ஓய்வூதியத்தைத் தொட முடியாது. கையில் அகப்படுவது வாய்க்காலும் வீதியும்தான்.

எங்கள் வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போடும் வேலை 2022இல் பாதியில் நின்றது. கட்டின பகுதி முடியும் இடத்தில் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு துருவேறி நிற்கின்றன. என் மகன் அவற்றில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறான், மாடு கிழிபடாமல் இருக்க. அதற்குக் கீழே மணல்தரை. திறந்துவிட்ட தண்ணீரில் பாதியை அது குடித்துவிட்டுத்தான் எங்களுக்கு மிச்சம் வரும். வட்டியைத் தள்ளிப் பார்த்தால் 2023 முதல் அரசாங்கத்துக்கு வரவு மிஞ்சுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மிஞ்சிய காசில் அந்த மணல்தரையும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் நாங்கள் கொடுக்கும் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்திருக்கிறது.

கடனே கூடாது என்றும் சட்டம் எழுதிவிடக் கூடாது. இரணைமடுக் குளத்தைத் திருத்தியது வெளிநாட்டுக் கடன் பணத்தில்தான். பம்புக்கு வாங்கிய கடனை நெல் அடைக்கும். பழைய வட்டியைக் கட்டப் புதுக்கடன் வாங்கினால் எது அடைக்கும்? போருக்குப் பிறகு நுண்கடனில் விழுந்த எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்வார்கள். அவர்களில் இருவர் தாலிக்கொடியை விற்றுத்தான் வெளியே வந்தார்கள்.

1953இல் செலவைக் குறைப்பதற்காகப் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது, பிரதமரும் பதவி விலகினார். முன்கூட்டிச் சொல்லாமல், கடைசியில் நிற்பவனின் சோற்றில் கைவைத்துச் சமன் செய்த கணக்கு அது.

கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து நாங்கள் அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள், அடுத்த வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் இதைக் கேட்க வேண்டும்: எந்த மாவட்டத்தில் எந்த வேலையை வெட்டினீர்கள், எவ்வளவு வெட்டினீர்கள் என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுங்கள். எங்கள் வாய்க்காலில் இன்னும் நானூறு மீற்றர் மிச்சம் இருக்கிறது. கமக்காரர் அமைப்பு இரண்டு முறை கடிதம் கொடுத்துவிட்டது. மூன்றாவதை நான் எழுதி வைத்திருக்கிறேன். வரும் சிறுபோகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கமக்காரப் பெண் ஒருவர்,
முரசுமோட்டை, கிளிநொச்சி.