பினாங்கில் இருக்கும் பெரிய பாப்பாவுக்கு

தெலுக் இந்தான்

அன்புள்ள பெரிய பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழை விடவில்லை. தோட்டத்துச் சாலையில் செம்பனை லோரி ஓடி ஓடி ஒரே சேறு. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டதா? தீபாவளிக்கு ஷிப்ட் என்று நீ மட்டும் வந்தாய். பொங்கலுக்கும் ஷிப்ட் என்றாய். அது என்ன கம்பெனி, மனுஷனுக்கு லீவே கிடையாதா என்று உன் அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

சரி, எழுத வந்தது வேறு. தம்பி பாலிடெக்னிக்கிலிருந்து கூப்பிட்டான். லேப்பில் ஒரே இரும்புத் துண்டில் ராக்வெல் சோதனை செய்தார்களாம், வைரக் கூம்பால் குத்தி இரும்பு எவ்வளவு கடினம் என்று எண்ணாகச் சொல்லும் சோதனை. ஐந்து இடத்தில் குத்தினால் ஐந்தும் வேறு வேறு எண்ணாம். முதல் எண் குறைவு, அப்புறம் வந்ததெல்லாம் கூடுதல். மிஷின் கோளாறு என்று எழுதப் போகிறேன் என்றான். அக்காவைக் கேளடா என்றேன். அக்கா போனே எடுப்பதில்லை என்றான். அதனால் பட்டறையில் அந்த மிஷினோடு காலம் தள்ளிய நானே சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாதது இல்லை. தப்பிருந்தால் நீ திருத்து.

குத்திய துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ஐந்து குழியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன! அங்கேதான் சங்கதி. குழியிலிருந்த இரும்பு எங்கே போகும்? காற்றில் கரையாது. சுற்றியிருக்கிற இரும்பை நெருக்கும். நெருக்கப்பட்ட இடத்தில் உள்ளே அணு அடுக்குகள் வழுக்கி வழுக்கி, அந்த வழுக்கல்கள் ஒன்றோடொன்று சிக்கி, இனிமேல் சுலபத்தில் நகராமல் இறுகிவிடும். அந்த இடத்தில் மறுபடி குத்தினால் எண் ஏறித்தான் வரும். துண்டு கடினமானது என்று அர்த்தமில்லை, அடிபட்ட இடம் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குக் குறைந்தது மூன்று குழி அகலம் விட வேண்டும். விளிம்பில் குத்தினால் இதற்கு நேர்மாறு. தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் எதுவும் இல்லாததால் வெளியே பிதுங்கும், எண் குறையும்.

மிஷின் டயலில் ஓடும் முள்ளையும் பொறுமையாகப் பார் என்றேன். முதலில் 10 கிலோ பாரம், அது வைரக் கூம்பைச் சொரசொரப்பு தாண்டி உட்கார வைக்க. அப்புறம் நெம்புகோலைத் தள்ளினால் மொத்தம் 150 கிலோ. முள் ஓடும், தயங்கும், நிற்கும். பெரிய பாரத்தை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். அந்தத் திரும்பல் இரும்பு தானாக நிமிர்ந்துகொண்டது. திரும்பாமல் நின்றுபோன ஆழம்தான் கணக்கு. ராக்வெல் சி அளவில் ஒரு புள்ளிக்கு 0.002 மில்லிமீட்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திரையில் எண் வந்துவிடுகிறது, முள் தயங்குவதை எங்கே பார்க்கப் போகிறார்கள்.

வார்ப்பிரும்புக்கு மட்டும் என் ஓட்டு இன்னும் பிரினெல் சோதனைக்குத்தான். 1900-இல் அந்த சுவீடன்காரர் கொண்டுவந்த முறை. 10 மில்லிமீட்டர் உருண்டை, 3000 கிலோ, குழியின் விட்டத்தை அளப்பது. குழி பெரிதாக இருப்பதால் உள்ளே இருக்கிற மெத்தென்ற இடம், கெட்டியான இடம் எல்லாம் சேர்ந்து ஒரு நியாயமான எண் கிடைக்கும்.

ரப்பர் என்றால் இது எதுவும் செல்லாது. ரப்பரின் கடினத்தை அளக்கிற ஷோர் மீட்டர்தான். அதை அழுத்தி வைத்திருக்கும்போதே படிக்க வேண்டும். எத்தனை விநாடியில் படித்தோம் என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் வைத்திருக்க வைத்திருக்க எண் இறங்கும். எடுத்த பிறகு பார்த்தால் குழியும் இருக்காது, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

நீயும் போனில் எப்போது கேட்டாலும் ‘ஒன்னும் இல்லப்பா’ என்கிறாய்.

நான் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொன்னவன், எழுதுவது ஆபீஸ் கிளார்க், அதாவது கிராணி. நீ சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறாய். இதை டவுனில் சொல்லாத கடை இல்லை. ரொட்டி சானாய் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். அவ்வளவு படித்தவளுக்கு, தம்பி கூப்பிட்டால் எடுக்கத் தெரியாதா? ராத்திரி ஆகிவிட்டது என்றால் காலையில் கூப்பிடு. நான் விடியற்காலையிலேயே எழுந்துவிடுவேன், உனக்குத் தெரியும்.

சின்னத்தை ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஆனால் தீபாவளியன்று நீ சங்கிலி போடாமல் வந்ததை நானும் பார்த்தேன். அம்மா பார்த்தாளா என்று தெரியாது, அவளிடம் நான் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையோடு வந்தால் சந்தோஷம். தனியாக வந்தாலும் எதற்கு என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அறையில் தம்பியின் சைக்கிள் இருந்தது, வெளியே எடுத்துவிட்டேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

தம்பிக்கு இன்றைக்கே போன் போடு. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டுமாம், மிஷின் கோளாறு என்று எழுதிவிடப் போகிறான். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: காரின் பின் டயர் தேய்ந்திருந்ததே, மாற்றினாயா? மழையில் அந்த டயரோடு ஹைவேயில் வராதே. காசு இல்லையென்றால் சொல், போட்டு விடுகிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.