சுவோன் கோட்டைக்குப் போகும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் 18ஆம் தேதி சனிக்கிழமை நம் தமிழ் வகுப்பு வழக்கமான அறையில் நடக்காது. பிள்ளைகளைக் கொரியாவின் சுவோன் நகரத்துக்கு, ஹ்வாசோங் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். உங்களில் பலர் சுவோனிலேயே குடியிருக்கிறீர்கள். தினமும் பால்தால்முன் வாசலைப் பேருந்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. "ரவுண்டானா நடுவுல நிக்குமே, அந்தக் கோட்டைக்கா சார்?" என்று ஒரு அப்பா கேட்டார். அதற்கேதான்.

முதலில் பயண விவரம். அப்புறம் ஒரு விஷயம் பேச வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

காலை 10 மணிக்குச் சுவோன் ரயில் நிலையத்தில், டிக்கெட் கேட்டுக்கு வெளியே கூடுகிறோம். சியோலிலிருந்து வருகிறவர்கள் 1ஆம் எண் மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பேருந்தில் பால்தால்முன், பிறகு பால்தால்சான் குன்றின் படிக்கட்டு. படி செங்குத்து, ஷூ கட்டாயம். மதில் மொத்தம் 5.7 கிலோமீட்டர் போல வரும். போன வருடம் முழுவதையும் நடத்திவிடலாம் என்று ஆசைப்பட்டேன். கிழக்கு வாசலுக்குப் போவதற்குள் சின்னப் பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். தப்பு என்னுடையது. இந்த முறை மேற்கும் வடக்கும் மட்டும்: உச்சியில் படைத்தளபதி நின்று பார்க்கும் மண்டபமான சோஜாங்தே, இறங்கினால் மேற்கு வாசல் ஹ்வாசோமுன், பிறகு வடக்கு வாசல் ஜாங்ஆன்முன், ஏழு வளைவுகளின் கீழே ஓடை பாயும் ஹ்வாஹோங்முன். அதை ஒட்டிய குளக்கரையில் சாப்பாடு. மதியம் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை. 4 மணிக்குத் திரும்ப ஸ்டேஷன்.

மதில் மேல் கொடிகள் பறக்கும். கிழக்கே நீலம், மேற்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, வடக்கே கறுப்பு. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, கொடியின் நிறத்தைப் போனில் சொன்னால் போதும், ஆசிரியர் வந்துவிடுவார். வீட்டில் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.

சரி, இப்போது அந்த விஷயம்.

அரண்மனை முற்றத்தில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அரிசி கொட்டி வைக்கிற பெட்டி, நம் ஊர்க் குதிர் மாதிரி, ஆனால் நான்கு மூலையும் கால் வைத்து, கனமான மூடியோடு. போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வழிகாட்டி அம்மா ஒரு கொரியக் குடும்பத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளுக்கு என்னைவிடக் கொரிய மொழி நன்றாகப் புரியும். "சார், சொந்தப் பிள்ளையையா இதுக்குள்ள போட்டு மூடினாங்க?" என்று கேட்டான். நான், "அது பழைய கதைப்பா, வா, நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு அவன் தூங்கவில்லை. அவன் அம்மா எனக்குப் போன் செய்து, கோபப்படாமல், "சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அதனால் இந்த முறை சொல்லப் போகிறேன். என்ன சொல்வேன் என்பதை நீங்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

1762ஆம் ஆண்டு கோடையில், அப்போது கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்து அரசர் யோங்ஜோ தன் மகன், பட்டத்து இளவரசர் சாதோவை, அரிசிப் பெட்டிக்குள் போகச் சொல்லி மூடிவிட்டார். எட்டு நாளில் இளவரசர் இறந்துபோனார். சாதோவுக்குப் பல வருடங்களாக மனநோய் இருந்தது; அரண்மனைக்குள் பயங்கரமான காரியங்களும் நடந்தன. அந்தப் பகுதியைச் சின்னவர்களிடம் விரிக்க மாட்டேன். உடம்புக்கு வருகிற மாதிரி மனசுக்கும் நோய் வரும், அதற்கு வைத்தியம் தெரியாத காலம் அது என்று மட்டும் சொல்வேன். அப்பாவை விட்டுவிடும்படி தாத்தாவிடம் கெஞ்சிய மகனுக்கு அப்போது பத்து வயது நிறையவில்லை.

அந்தப் பையன்தான் ஜொங்ஜோ. 1776இல் அரியணை ஏறிய அன்றே, "நான் சாதோ இளவரசரின் மகன்" என்று சபையில் அறிவித்தார். காகிதப்படி அவரை வேறொருவரின் வாரிசாக மாற்றியிருந்தார்கள், அதனால் அந்த ஒரு வரிக்குத் தைரியம் வேண்டியிருந்தது. 1789இல் அப்பாவின் சமாதியை நல்ல இடம் பார்த்து ஹ்வாசான் மலையடிக்கு மாற்றினார். அங்கேதான் பழைய சுவோன் ஊர் இருந்தது. ஊரையே பெயர்த்து இப்போதுள்ள இடத்தில் குடிவைத்தார்கள். 1794இல் தொடங்கி 1796இல் முடித்த இந்த மதில் அந்தப் புது ஊருக்கானது.

1795இல் அம்மாவின் அறுபதாம் ஆண்டு விழாவை இந்த அரண்மனையில்தான் கொண்டாடினார். நம்மைப் போலவே அவர்களுக்கும் அறுபது வருடச் சுழற்சிக் கணக்கு உண்டு; சஷ்டியப்தபூர்த்தி பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடம், 1735இல் பிறந்தவர்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இருவருக்கும் சேர்த்தே நடந்திருக்கும். பெட்டியின் பக்கத்தில் நின்று பயத்தை மட்டும் சுமந்துகொண்டு திரும்பாமல், விழா நடந்த அந்தக் கூடத்தையும் பிள்ளைகள் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதை இப்போது வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் எழுதுங்கள். அந்த நேரத்தில் வாசலில் இருக்கும் பழைய மரத்தடியில் இன்னொரு ஆசிரியரோடு இருக்கட்டும். காரணம் கேட்க மாட்டேன்.

பெரிய வகுப்புக்கு வேறு வேலை இருக்கிறது. கோட்டைக்குத் திட்டம் தந்தவர் ஜொங் யாக்-யோங் என்ற இளம் அறிஞர். மேலே நான்கு கப்பி, கீழே நான்கு கப்பி வைத்து அவர் செய்த பாரந்தூக்கியின் படத்தைப் பார்த்து, எவ்வளவு பலம் மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டும்.

எனக்குப் பிடித்தது கல்லைவிட அந்தக் கணக்குப் புத்தகம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதி 1801இல் அச்சிட்டார்கள்: எத்தனை கல், எவ்வளவு செலவு, எந்தக் கொத்தனார், எந்தத் தச்சர், எத்தனை நாள். அரை நாள் வேலைக்கும் கூலி பதிவாகியிருக்கிறது. வெயிலில் சுருண்ட ஆட்களுக்கு அரசர் மருந்து உருண்டை அனுப்பிய விவரமும் உண்டு. கொரியப் போரில் இடிந்த பகுதிகளை 1970களில் திரும்பக் கட்டியபோது இந்தப் புத்தகத்தைத்தான் விரித்து வைத்துக்கொண்டார்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்தது.

அதே மாதிரி ஒரு பதிவேட்டைப் பிள்ளைகள் தமிழில் எழுதப் போகிறார்கள். யார் வந்தார்கள், யார் எத்தனை படி ஏறினார்கள், யார் டப்பாவில் என்ன இருந்தது, எல்லாம் பெயரோடு. 25ஆம் தேதி வகுப்பில் வாசிப்போம். வீட்டில் திருத்திக் கொடுக்காதீர்கள், எழுத்துப்பிழை எங்கள் கவலை.

சாப்பாடு கட்டிக்கொடுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம் எதுவானாலும் சரி, ஸ்பூன் மறக்காமல். பால்தால்முன் பக்கம் முழுக்கோழி பொரிக்கும் தெரு ஒன்று இருக்கிறது, வாசனை ஆளை இழுக்கும். அன்று உள்ளே போகப் போவதில்லை. உங்களோடு இன்னொரு நாள் போகட்டும். பேருந்து, மெட்ரோவுக்கான டி-மணி கார்டில் பணம் இருக்கிறதா பாருங்கள். காலையில் குளிரும், நண்பகலில் வேர்க்கும், மேலே ஒரு கழற்றக்கூடிய சட்டை போதும்.

துணைக்கு இன்னும் மூன்று பெற்றோர் தேவை. வருகிறவர்கள் 14ஆம் தேதிக்குள் போனில் உள்ள நம் காக்காவோ செயலிக் குழுவில் பெயர் கொடுங்கள். சம்மதப் படிவமும் அதே நாளுக்குள். போன வருடம் கேட்ட அந்தப் பையன் இந்த முறை முதல் ஆளாகப் படிவம் கொண்டுவந்து தந்துவிட்டான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்