பென்சிலில் வரைந்த அவுட்புட்

பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்களோடு இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ஜாவா நிரல்மொழி நடத்துகிறேன். என் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாமே. நான் கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஜூனிலும் எனக்கு வேலை வேண்டும்.

போன செமஸ்டர் செய்முறைத் தேர்வில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜாவா லேப் பயிற்சிகளில் ஆப்லெட்டை, அதாவது இணையப் பக்கத்துக்குள் ஓடுவதற்கென்று எழுதும் சிறு ஜாவா நிரலை, நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்கள். எங்கள் லேபில் அது ஓடுவது மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினியில் மட்டும்தான். அதில் ஜாவா 8 என்ற பழைய பதிப்பைப் போட்டு, யாரும் அப்டேட் செய்துவிடக் கூடாதென்று நெட் கேபிளைப் பிடுங்கி, ‘தொடாதீர்’ என்று சீட்டும் ஒட்டியிருக்கிறோம். மற்றவற்றில் புதிய ஜாவா இருக்கிறது. நாளை வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதில்தான் பழக வேண்டும் என்று நாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

தேர்வன்று காலை அந்தக் கணினி உயிர்பெறவில்லை. கேள்விச் சீட்டு எடுத்த ஒரு பெண்ணுக்கு ஆப்லெட் கேள்வியே விழுந்தது. நிரலைத் தாளில் பிழையில்லாமல் எழுதிவிட்டாள். ஓட்டிக் காட்டத்தான் வழியில்லை. லேப் உதவியாளர் கேபினெட்டைக் கழற்றி, ரேமைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, வந்திருந்தவர், “அவுட்புட் எப்படி வரும்னு வரைஞ்சு காட்டிடும்மா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வேறென்ன செய்வார்? அவளும் பென்சிலில் ஒரு வட்டம், இரண்டு கண், கீழே ஒரு வளைவு போட்டுக் கொடுத்தாள். சிரிக்கும் முகம். அவுட்புட்டுக்கு முழு மதிப்பெண். முதுகலைக் கணினி அறிவியல் தேர்வு இது, ஐயா.

உங்களுக்குத் தெரியாததில்லை. 2015லேயே குரோம் ஆப்லெட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டது. 2017இல் ஜாவா 9 வந்தபோது, இனி இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அறிவித்தார்கள். 2018இல் வந்த ஜாவா 11இல் அதை ஓட்டிக் காட்டும் கருவியையே எடுத்துவிட்டார்கள். உண்டாக்கியவர்களே கைகழுவிய ஒன்றை நாம்தான் காப்பாற்றி வருகிறோம்.

அதே பெண் அடுத்த வாரம் சென்னையில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். முதல் கேள்வியே “கிட் தெரியுமா?” என்பதுதான். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி (Git) அது. அவளுக்குத் தெரியாது. கிட் வந்தது 2005இல். அப்போது அவள் நடை பழகிக்கொண்டிருந்திருப்பாள்.

என் முக்கியக் கோரிக்கை இதுதான்: செய்முறைத் தாள்களையாவது ஆண்டுக்கொரு முறை திருத்துங்கள்.

பழையதை எல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் வழிமுறை 1959இல் வந்தது, தரவுகளை அட்டவணைகளாக வைக்கச் சொல்லி காட் எழுதிய ரிலேஷனல் மாதிரி 1970இல் வந்தது. இரண்டையும் இன்னும் ஐம்பது ஆண்டு நடத்தலாம். கருவிகள் அப்படியல்ல, அவை சீக்கிரம் செத்துப்போகும்.

போன திருத்தத்தில் என்ன மாறியது? தாளின் குறியீட்டு எண் மாறியது. தலைப்பில் ‘அட்வான்ஸ்டு’ சேர்ந்தது. ஐந்தாம் யூனிட்டின் கடைசியில் ‘அண்மைக்காலப் போக்குகள்’ என்று ஒரு வரி வந்தது. எந்தப் போக்கு என்று எங்களுக்கும் தெரியாது, கேள்வித்தாள் எடுப்பவருக்கும் தெரியாது, அதனால் அதில் கேள்வியே வருவதில்லை. பிள்ளைகளோ ரெக்கார்டையே சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் மட்டும் நம்மிடம் இல்லை. ஆப்லெட் நிரல் கேட்டால், ‘இது வழக்கொழிந்துவிட்டது’ என்று அது ஒரு குறிப்பும் சேர்த்துத் தருகிறதாம். ஒரு மாணவன் அதை என்னிடமே காட்டி, “சார், இதையும் ரெக்கார்டில் எழுதணுமா?” என்று கேட்டான்.

பக்கத்திலேயே இருக்கும் தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். பட்டத்தின் பெயர் இரண்டு இடத்திலும் ஒன்றே. 2020இல் எம்.சி.ஏ.வை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகவே சுருக்க முடிந்தது இந்த நாட்டில். ஒரு லேப் பயிற்சியை எடுக்க இத்தனை ஆண்டுகளா? எங்கள் சம்பளத்தையும் இப்படித்தான்... சரி, அது வேறு மடல்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்திலேயே ஆப்லெட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிட்டை வையுங்கள். அப்புறம், செய்முறைத் தாள்களை ஆண்டுதோறும் திருத்துவது என்று ஒரு தீர்மானமும் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பழைய கணினிக்கு மதர்போர்டு மாற்ற 4,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் கூட்டம் முடிந்ததும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்