இரண்டு அங்குலப் பனிக்கு இத்தனை தாமதமா?

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு அங்குலப் பனிக்கே சிகாகோவில் விமானங்களை வரிசையாக ரத்து செய்கிறார்களே, பனிக்குப் பழகாத ஊரா அது என்று கேட்டிருந்தாய். ஓடுபாதையில் பனி வாருவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். தாமதம் பெரும்பாலும் இறக்கையில்தான் தொடங்குகிறது.

உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவிசை 40 சதவீதம் வரை கூடும். அதனால் முதலில் கிளைக்கால் என்ற உறைதடுப்பு வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த ஆரஞ்சு நிற டைப் 1 திரவத்தை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பீய்ச்சுவார்கள். ஒட்டியதை அது கரைத்துத் தள்ளிவிடும். ஆனால் நீர்த்த திரவம், வழிந்தோடிவிடும். புதிதாக விழும் பனியைச் சில நிமிடங்களே தாங்கும். பனி நிற்காவிட்டால் மேலே பச்சை நிற டைப் 4. அது குழகுழவென்று இறக்கையில் தங்கி, விழும் பனியைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். விமானம் வேகம் பிடித்ததும் காற்றே அதை வழித்தெறிந்துவிடும்.

அது தாங்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கடைசிப் பூச்சைத் தொடங்கிய நொடியிலிருந்து எண்ண வேண்டும், முடித்த நொடியிலிருந்து அல்ல. சுழியத்தை ஒட்டிய குளிரில், மிதமான பனியில் டைப் 4 அரை மணிக்கு மேல் தாங்கும். பெரிய விமானத்துக்குப் பூசவே அதில் ஒரு பங்கு போய்விடும். அந்தச் சமயம் பார்த்துப் பனி வார ஓடுபாதையை மூடினால், வரிசையில் நிற்கும் பலருக்கும் நேரம் கடந்து, மறுபடி திரவம் அடிக்கத் திரும்புவார்கள். பின்னால் வருபவர்களுக்கும் இடம் அடைபடும். விழுந்ததும் உறையும் மழை கனத்தால், திரவம் தாங்கும் நேரத்துக்கான அட்டவணையில் நேரமே கிடையாது.

இந்தக் கண்டிப்பு உயிர்ப்பலியில் வந்தது. 1992 மார்ச் 22 இரவு, நியூயார்க் லகார்டியாவில் யூஎஸ்ஏர் 405 விமானம் இரண்டு முறை டைப் 1 அடித்துக்கொண்டது. இரண்டாவது முறைக்குப் பிறகு ஏறத்தாழ 35 நிமிடம் காத்திருந்து கிளம்பி, மேலெழ முடியாமல் விழுந்தது. 51 பேரில் 27 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே அமெரிக்க விதிகள் இறுகின.

இன்னொரு கணக்கு விமானிகளின் பணிநேரம். காத்திருப்பதும் அதில் சேரும். வரம்பு முடிந்தால் வானம் தெளிந்தும் பயனில்லை. 2022 டிசம்பர் பனிப்புயலின்போது சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் ஓரிரு நாளில் மீண்டுவிட்டன. எந்த ஊழியர் எந்த ஊரில் மாட்டியிருக்கிறார் என்பதைச் சவுத்வெஸ்டின் மென்பொருளால் பின்தொடர முடியவில்லை.

உன் பெண் ஜனவரியில் சிகாகோ வழியாகப் போவதானால், அங்கிருந்து காலையின் முதல் விமானமாக எடு. விமானம் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நிற்கும். திரவம் அடிக்க வேண்டியிருந்தாலும், அன்றைய தாமதம் இன்னும் சேர்ந்திருக்காது. மாறும் விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். புயலுக்கு முன்பே நிறுவனங்கள் கட்டணமின்றித் தேதி மாற்ற அனுமதிப்பதுண்டு. அறிவித்த உடனே மாற்றிவிடச் சொல். நிறுவனமே ரத்து செய்து அவள் பயணத்தைக் கைவிட்டால், திருப்பித் தராத டிக்கெட்டானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். அவசரப்பட்டு வவுச்சர் வாங்க வேண்டாம். மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும்.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
ரகு