கொன்ட்ரோல் விசையை விடுவிக்காத கே.வி.எம். ஆளியை மீளப்பெற்றுப் பணத்தைத் திருப்பித் தருமாறு கோரல்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

யாழ்ப்பாணம் கொக்குவிலில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வரும் நான், ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டி, ஒரு திரை ஆகியவற்றை இரண்டு கணினிகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் நோக்கில் உங்கள் நிறுவனத்தின் கே.வி.எம். ஆளியைக் கடந்த மாதம் வாங்கினேன். பழைய கணினியை நான் இன்னும் கைவிட முடியாது. 2001 இல் வெளிவந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும், யூனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அமைத்த பல ஆண்டுக் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. யூனிகோட் வேலைகளைப் புதிய கணினியில் செய்கிறேன்.

கொன்ட்ரோல் விசையை இருமுறை தட்டினால் ஆளி மறு கணினிக்கு மாறும் என்று கையேடு கூறுகிறது. மாறத்தான் செய்கிறது. ஆனால் இரண்டாவது தட்டில் விரலை எடுக்கச் சற்றுத் தாமதித்தால், விசை விடுபட்ட செய்தி முதற்கணினிக்குப் போய்ச் சேருவதில்லை. திரும்பி வரும்போது அக்கணினி கொன்ட்ரோல் விசை இன்னும் அழுத்தியபடியே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதனால் நேர்ந்தது இது. ஒரு குடும்பத்தார் இறந்த உறவினரின் 31 ஆம் நாள் நினைவுக்குக் கேட்ட கல்வெட்டு மலரை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தபோது, கைப்பிரதியிலேயே கண்ணை வைத்து 'யாழ்ப்பாணம்' என்று தட்டத் தொடங்கினேன். பாமினியில் 'ய' இருப்பது ஆங்கில 'ஏ' விசையில். அது கொன்ட்ரோலுடன் சேர்ந்து அந்தக் கட்டுரை முழுவதையும் தெரிவு செய்துவிட்டது. எழுத்து விழாததை உணர்ந்து விசைகளை மாறி மாறித் தட்டியதில் கொன்ட்ரோல் விடுபட, அடுத்த எழுத்து அத்தனையையும் அழித்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேறும் சில தட்டியிருந்தேன். பேஜ்மேக்கரோ ஒரு படி மட்டுமே பின்செல்ல விடும். அன்றிரவு மூன்று பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்தேன்.

உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் தொலைபேசியில் விசைப்பலகையை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். கடையில் கிடைக்கும் மும்மொழி விசைப்பலகை உட்பட மூன்றை மாற்றிப் பார்த்தேன். கொன்ட்ரோலை அழுத்திப் பிடித்தவாறே ஆளியின் பொத்தானைத் தட்டிவிட்டு விரலை எடுத்தால், மூன்றிலும் பத்துக்குப் பத்துத் தடவை இதே கோளாறுதான். விசைப்பலகைகளை நேரடியாகக் கணினியில் பொருத்தினால் எந்தக் குறையும் இல்லை.

கணினித்துறையில் படித்த என் மருமகனின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. மாறிய பின்னும் விசைப்பலகை இணைந்தே இருப்பதாக ஆளி முதற்கணினிக்குக் காட்டிக்கொள்கிறது. அப்படிக் காட்டும் கருவி, மாறுவதற்கு முன் எல்லா விசைகளும் விடுபட்டதாக எட்டு பைட்டும் பூச்சியமான ஓர் அறிக்கையை அனுப்பவேண்டும். அந்தச் சிறு வேலையை உங்கள் ஆளி செய்வதில்லை.

பழுதுபார்ப்பதற்கு என் செலவில் கொழும்புக்கு அனுப்புமாறு கூறியதை நான் ஏற்கவில்லை. உத்தரவாத காலத்துக்குள் இருக்கும், வாங்கிய நாளிலிருந்தே குறையுள்ள ஒரு பொருளை ஏறக்குறைய 400 கிலோமீற்றர் அனுப்பும் கூலியை வாங்கியவர் ஏன் சுமக்கவேண்டும்? ஆகவே ஆளியை உங்கள் செலவில் மீளப்பெற்று, முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும் உத்தரவாத அட்டையின் பிரதியையும் இணைத்துள்ளேன். ஆளி அதன் பெட்டியிலேயே வடங்களுடன் ஆயத்தமாக இருக்கிறது.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(கையொப்பம்)
அச்சக உரிமையாளர், கொக்குவில்.