ஆசிரியருக்கு: அந்தத் தேனீ யார் தேனையும் திருடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இயற்கைப் பக்கத்தில் கனடாவின் அரிய குயில் தேனீயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆசையோடு படித்துக்கொண்டு வந்தால் கடைசி வரி: 'அடுத்தவர் உழைப்பில் வாழும் இந்தச் சோம்பேறி ஒழிந்தால் நமக்குத் தேன் கூடுதலாகக் கிடைக்கும்.' பக்கத்தில் சாதாரணத் தேனீயின் படம் வேறு!

எப்பியோலாய்டிஸ் பிலோசுலஸ் என்ற அந்தக் குயில் தேனீ தேன்கூட்டுப் பக்கமே போகாது என்பது தங்களுக்குத் தெரியாததா? அது முட்டையிடுவது, மண்ணில் வளை தோண்டும் மக்ரோபிஸ் தேனீயின் கூட்டில். மக்ரோபிஸுக்கோ லைசிமேக்கியா என்ற மஞ்சள் பூச்செடியை விட்டால் கதியில்லை. அந்தப் பூவில் தேன் கிடையாது, எண்ணெய்தான். அதில் மகரந்தத்தைக் குழைத்துக் குஞ்சுக்குச் சேர்த்து வைக்கும். கூட்டின் சுவரிலும் பூசி ஈரம் புகாமல் காக்கும். ஒன்டாரியோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஈரநிலத்தில் ஜூலையில் குனிந்து பாருங்கள், மக்ரோபிஸின் பின்னங்காலில் உள்ள வெள்ளை முடியில் மகரந்தம் பிசுபிசுவென்று அப்பியிருக்கும்.

குயில் தேனீயை நான் இன்னும் கண்டதில்லை. பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2002-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் 2006-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் அகப்பட்டது. 2011-ல் கனடாவின் நிபுணர் குழு அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. செடி குறைந்தால் மக்ரோபிஸ் குறையும். அது குறைந்தால் முதலில் காணாமல் போவது இந்தக் குயில் தேனீதான். சோம்பேறியாம்! காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலின் பாட்டைப் புகழ்ந்து மட்டும் சித்திரை மலரில் பக்கம் பக்கமாகப் போடுவீர்கள்.

அப்புறம், முன்பொரு தோட்டக் கட்டுரையில் 'லூஸ்ஸ்ட்ரைஃபைக் கண்ட இடத்தில் பிடுங்குங்கள்' என்றீர்கள். அந்தப் பெயர் ஓர் ஊதாப் பூச்செடிக்கும் உண்டு, மஞ்சள் லைசிமேக்கியாவுக்கும் உண்டு. பிடுங்க வேண்டியது, வெளியிலிருந்து வந்து சதுப்பு நிலங்களை அடைத்துக்கொண்டு வளரும் ஊதாப் பூச்செடி. படம் போடவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணர் மஞ்சள் பூவை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிவிட்டு, "உங்கட பேப்பரிலதான் போட்டிருந்தது" என்று பெருமையாகச் சொன்னார். அதைப் பற்றி நான் எழுதிய கடிதமும் வந்தது, இதழைப் பாராட்டிய முதல் வரியோடு சரி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஊதாவையும் மஞ்சளையும் அருகருகே போட்டு ஒரு சிறு குறிப்பு, கூடவே சரியான தேனீயின் படம். ஜூனுக்குள் வந்தால் நல்லது. பிடுங்கும் ஆட்கள் பூக்கும்வரை காத்திருப்பதில்லை.

இம்முறையும் இடமில்லை என்றால் வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒன்டாரியோ வாசகர்