ஒரே அதிகாரம், ஆளுக்கொரு வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

பைபிள் ஒண்ணுதானே, அப்புறம் எதுக்குத் தெருவுக்கு நாலு சபைன்னு போன வாரம் நம்ம பத்திரிகையில ஒருத்தர் கேட்டிருந்தாரு, எல்லாம் பதவிச் சண்டை காசுச் சண்டைதான்னு அவரே பதிலும் சொல்லிட்டாரு. சண்டையே இல்லைன்னு நான் சொல்ல வரலீங்க. ஆனா அது மட்டுந்தான்னா இத்தனை நூறு வருசம் தாங்காது.

ஒரே எடத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி படிக்கறதும் காரணந்தான், பைபிள்ல மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்த மட்டும் எடுத்துக்கங்க. சொத்துபத்து நெறைய இருக்கற ஒருத்தன் ஓடியாந்து இயேசு முன்னால முழங்கால் போட்டு, நித்திய ஜீவனுக்கு என்ன பண்ணோணும்னு கேக்கறான், கட்டளையெல்லாம் சின்ன வயசுலேர்ந்தே பாத்து நடக்கறேங்கறான், அவரும் அவன் மேல பிரியப்பட்டு ஒண்ணே ஒண்ணு கொறையுது, இருக்கறத வித்து ஏழைகளுக்குக் குடுத்துட்டு எம் பின்னால வாங்கறாரு, அவன் மொகஞ்செத்துப் போயிர்றான். திருப்பூர்ல பத்து பவர் டேபிள் (கரண்ட்ல ஓடற தையல் மெசின்) போட்டு ஜாப் ஒர்க் பண்ற என்னைய மாதிரி ஆளுக்கு இத வாசிச்சா சுருக்குங்குது.

இதே சம்பவத்தக் கோயில்ல வாசிக்கக் கேட்டுத்தான் எகிப்துல வனத்து அந்தோணியார்ங்கற துறவி (பதுவை அந்தோணியார் வேற) 300 அரூரா (அந்தக் காலத்து எகிப்து நெல அளவு) பூமிய, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 200 ஏக்கரு, ஊர்க்காரங்களுக்கே குடுத்துட்டு கெளம்புனாரு. அதே எகிப்துல அவருக்கு முன்னாலயே அலெக்சாந்திரியா கிளமெந்துங்கற சபைப் போதகர், எல்லாரும் வித்துப்போட்டா பசிச்சவனுக்குச் சோறு போடறது யாரு, விட வேண்டியது பணத்தாசையத்தான்னு எழுதி வெச்சாரு. ரெண்டு பேரையுமே சபை தள்ளல பாருங்க.

கத்தோலிக்கங்க ரெண்டையும் வெச்சுக்கிட்டாங்க, எல்லாத்தையும் விடறது எல்லாருக்கும் கட்டளை இல்ல, அழைப்பு வந்தவங்களுக்குன்னு. எங்கூட்டுக்காரி கருமத்தம்பட்டிப் பக்கம், ஆர்.சி. குடும்பம். கொழுந்தியா மடத்துல சிஸ்டரு, பள்ளிக்கூட டீச்சர், சம்பளம் பூராவும் மடத்துக்குப் போயிரும், லீவுக்கு வந்தா ஒரு பை, பஸ்சுக்கு மடத்துல குடுத்த காசு, அவ்வளவுதான். நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), புராட்டஸ்டன்ட் பக்கம். கத்தோலிக்கத்துலேர்ந்து பிரிஞ்ச லூத்தர் காலத்துலேர்ந்து எங்க பக்கத்து வாதம் வேற, மேல்படிக் கிறிஸ்தவன் கீழ்ப்படிக் கிறிஸ்தவன்னு கெடையாது, அவனவன் செய்யற தொழிலே தேவன் குடுத்த அழைப்புதான்னு. மெத்தடிஸ்ட்ங்கற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவை ஆரம்பிச்சு வெச்ச வெஸ்லி ஒருபடி மேல போயி, நேர்மையா முடிஞ்சமட்டும் சம்பாரி, முடிஞ்சமட்டும் மிச்சம் பிடி, முடிஞ்சமட்டும் குடுன்னாரு. 1947 செப்டம்பர் 27ல சி.எஸ்.ஐ. உருவானப்ப மெத்தடிஸ்ட்காரங்களும் அதுல சேந்ததால அந்தச் சொத்தும் எங்களுக்கு உண்டு. மொத ரெண்டும் எங்க ஆளுங்களுக்கு நல்லா வருதுங்க, மூணாவதுக்குத்தான் கை நடுங்குது.

எங்கண்ணன் பெந்தெகொஸ்தே. நூல் வெலை ஏறி கம்பெனி தள்ளாடுன மாசத்துலகூட பேங்க் டியூ கட்டறதுக்கு முன்னாடி பத்துல ஒரு பங்க கவர்ல போட்டு பேர் எழுதாம பெட்டியில போட்டுட்டுத்தான் மறுவேலை. அவருகிட்ட இந்த விசயத்துல எனக்கு மரியாதைதான், நான் போடாட்டியும்.

எனக்கு ஆகாதது என்னன்னா, இப்ப மைதானத்துல லைட்டு கட்டி நடக்கற சில ஆசீர்வாதக் கூட்டம். இதே அதிகாரத்துல இயேசுவோட சீஷன் பேதுரு நாங்க எல்லாத்தையும் விட்டுட்டமேங்கறப்ப, விட்டவனுக்கு வீடு, நெலம் எல்லாம் இப்பவே நூறு மடங்கு கெடைக்கும்னு 30-ஆம் வசனத்துல வருது, அதைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு போடு நூறு வரும்னு சீட்டுக் கம்பெனி மாதிரி பேசறாங்க. துன்பங்களோடேகூடன்னு அதே வசனத்துல இருக்கறத முழுங்கிடறாங்க, மத்தேயு லூக்காவுல அந்தத் துன்பம் அந்த எடத்துல வராது, மாற்குலதான் வருது, அதுனால தப்பிக்க வழியில்ல. பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்துல நொழையறதவிட ஒட்டகம் ஊசிக்காதுல நொழையறது லேசுன்னு இதே அதிகாரத்துல இயேசு சொல்றதுக்கும் அவங்ககிட்ட ஒரு சமாதானம் இருக்குது, எருசலேம்ல ஊசிக்காதுன்னு ஒரு சின்ன வாசல் இருந்துச்சாம், ஒட்டகம் சுமைய எறக்கி வெச்சுட்டு குனிஞ்சு போகுமாம். இயேசு காலத்துல அப்பிடி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே இல்லீங்க. ஓவர்லாக் மெசின்ல நூல் கோக்கறவனக் கேளுங்க ஊசிக்காது எத்தனை பெருசுன்னு.

அதுனால ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பமுங்க, ஞாயித்துக்கெழமை ஆன்மிகப் பக்கத்துல கட்டம் போட்டு ஒத்தை வசனமாப் போடறீங்களே, ஒரு வாரம் அத விட்டுட்டு மாற்கு 10ல 17லேர்ந்து 31 முட்டும் வெட்டாம முழுசாப் போடுங்க, விளம்பரத்துக்கு எடம் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகன், திருப்பூர்